ஒரே ஆக்ஸில் ஏன் திரும்பத் திரும்ப முறிகிறது?

கொடைக்கானல் மலைச் சாலையில் முழு லோடோடு, முதல் கியரும் இரண்டாம் கியருமாக மாற்றி மாற்றி ஏறிய லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. லோடை இறக்கிவிட்டு, வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் வந்து, தாடிக்கொம்பை ஒட்டிய அகரம் பக்கம் சமதரையில் காலி வண்டியாகப் போகும்போது பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. ஆக்ஸில் தண்டு இரண்டாக முறிந்து கிடக்கிறது. புதிது வாங்கிப் போட்டு வண்டியைக் கிளப்பினால், சில மாதங்களில் அதே பக்கம், ஏறக்குறைய அதே இடத்தில் மறுபடியும் முறிவு.

லாரி வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக் கேரளம் போகும் வண்டி, குவாரி டிப்பர், வேடசந்தூர் நூற்பாலைகளுக்குப் பஞ்சு கொண்டுவரும் வண்டி என எதற்கும் இது நேரலாம். ஒருவருக்கு ஆக்ஸில், இன்னொருவருக்கு ஜாயிண்ட் கிராஸ், வேறொருவருக்கு சென்டர் பேரிங். பட்டறையில் கிடைக்கும் விளக்கமும் பெரும்பாலும் ஒன்றே: "மெட்டீரியல் சரியில்லண்ணே, டூப்ளிகேட் சாமான்." சில நேரம் அது உண்மைதான். ஆனால் நம்பகமான கடையில் நல்ல சாமானாக வாங்கிப் போட்ட பிறகும் அதே இடத்தில் உடைந்தால் என்ன சொல்வது? மலையில் தாங்கிய இரும்பு சமதரையில் ஏன் முறிய வேண்டும்? எப்போதும் ஒரே பக்கம் மட்டும் ஏன்?

இந்தக் கேள்விகளுக்கு விடை உண்டு. ஏறத்தாழ 180 ஆண்டுகளாகப் பொறியாளர்கள் உடைந்த இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு தேடிச் சேர்த்த விடை அது.

இன்ஜினிலிருந்து சக்கரம் வரை

முதலில், அந்தத் தண்டு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். இன்ஜினின் சுழற்சி கிளட்ச் வழியாகக் கியர் பாக்ஸுக்குள் போகிறது. அங்கிருந்து, வண்டிக்கு அடியில் நீளவாக்கில் கிடக்கும் ஜாயிண்ட் எனப்படும் புரொப்பல்லர் ஷாஃப்ட் அதைப் பின்னால் எடுத்துச் செல்கிறது. நீளமான வண்டியில் இந்த ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் அதைத் தாங்குவது சென்டர் பேரிங். துண்டுகள் சேரும் இடங்களில் கூட்டல் குறி வடிவிலான கிராஸ் இருக்கும். பின்னால் ஹவுசிங்குக்குள் கிரவுன் பினியன் சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பி, இடதும் வலதுமாக இரண்டு ஆக்ஸில் தண்டுகளுக்குக் கொடுக்கிறது.

இந்தப் பாதையில் பயணிப்பது முறுக்கு. ஒரு மீட்டர் நீள ஸ்பானரின் நுனியில் 40 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டால் நட்டின் மேல் விழும் முறுக்கு சுமார் 400 நியூட்டன் மீட்டர். நடுத்தர லாரி இன்ஜின் ஒன்று அதிகபட்சமாகத் தருவது இந்த அளவு என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் இன்ஜின் 7 முறை சுற்றினால் ஜாயிண்ட் ஒரு முறைதான் சுற்றும். வேகம் எத்தனை பங்காகக் குறைகிறதோ முறுக்கு அத்தனை மடங்காகும். ஆகவே ஜாயிண்டில் 2,800. கிரவுன் பினியன் அதை இன்னும் 6 மடங்காக்கினால் 16,800. இரண்டு ஆக்ஸிலும் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு 8,400. அதே ஒரு மீட்டர் ஸ்பானரின் நுனியில் 850 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம்.

வண்டியைக் கட்டியவர் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் தண்டின் தடிமனை முடிவு செய்திருப்பார். இன்னொன்றையும் கணக்கில் சேர்த்திருப்பார். ஆக்சிலரேட்டரை மிதித்தபடி கிளட்சைப் படக்கென்று விட்டால், சுழன்றுகொண்டிருக்கும் கனத்த ஃபிளைவீல் தன்னிடமுள்ள ஆற்றலை ஒரே வீச்சில் கொட்டும். அந்த நொடியில் தண்டுக்கு வரும் முறுக்கு இன்ஜின் தரும் முறுக்கையும் மிஞ்சிவிடும். இதையும் தாங்கும்படிதான் ஆக்ஸில் செய்யப்படுகிறது. ஒரே அடியில் முறியும் அளவுக்கு அது பலவீனமானதல்ல. அப்படியிருந்தும் முறிகிறது என்றால், அது ஒரே அடியில் முறியவில்லை.

இரும்பும் சோர்ந்துபோகும்

ஒரு துண்டுக் கட்டுக்கம்பியை எடுத்து இரு கையாலும் இழுத்துப் பாருங்கள்; அறாது. அதையே ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடக்கினால் கொஞ்ச நேரத்தில் கையோடு வந்துவிடும். ஒரு முறை தாங்கிய விசையைத் திரும்பத் திரும்பத் தாங்க முடியாமல் உலோகம் விட்டுக்கொடுப்பதை உலோகச் சோர்வு என்கிறோம். கம்பியை நாம் கண்ணுக்குத் தெரியும்படி வளைக்கிறோம். லாரி ஆக்ஸிலில் வளைவு கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. ஆனால் எண்ணிக்கை லட்சக்கணக்கில்.

இந்த உண்மையை உலகம் கற்றுக்கொண்டது ஒரு பெரும் விபத்தின் வழியாக. 1842 மே 8 அன்று, பிரான்சின் வெர்சாயில் மன்னரைக் கௌரவித்து நடந்த கொண்டாட்டத்தைப் பார்த்துவிட்டுப் பாரிஸ் திரும்பிய கூட்டத்தோடு வந்த ரயிலில், முன் இன்ஜினின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. கதவுகள் வெளியே பூட்டியிருந்ததால் பயணிகளால் வெளியேற முடியவில்லை. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தென்துருவப் பகுதியை ஆராய்ந்த பிரெஞ்சுக் கடலோடி துமோன் துர்வில் குடும்பத்தோடு மாண்டது இந்த விபத்தில்தான்.

ஓடி ஓடி இரும்பு உள்ளுக்குள் பளிங்குபோல் இறுகிவிடுகிறது, அதனால்தான் உடைகிறது என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். உடைந்த இடம் சர்க்கரைக்கட்டிபோல் மணிமணியாக மின்னியதே அதற்குக் காரணம். உண்மையில் இரும்பு பிறவியிலேயே படிகங்களால் ஆனது. ஓடுவதால் அது படிகமாவதில்லை. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் ராங்கின் உடைந்த ரயில் அச்சுகளை ஆராய்ந்து 1843-இல் வேறொரு விளக்கம் சொன்னார். தடிமன் திடீரென்று குறையும் கூரிய மூலையில் ஒரு விரிசல் பிறந்து, வெளியிலிருந்து உள்நோக்கி மெல்ல மெல்லப் போயிருக்கிறது என்றார். மூலையைக் கூராக விடாமல் வளைவாகக் கடைந்தால் அச்சு அதிக நாள் உழைக்கும் என்பது அவர் சொன்ன வழி. அப்போது அவருக்கு 23 வயதுகூட நிரம்பவில்லை.

அதை எண்களாக மாற்றியவர் பிரஷ்ய ரயில்வே பொறியாளர் அகஸ்ட் வோலர். ஓடும் வண்டியின் அச்சில் ஒரு கருவியைப் பொருத்தி, அச்சு வளையும் அளவைத் துத்தநாகத் தகட்டில் கீறலாகப் பதிய வைத்தார். பிறகு பட்டறையில் ஓர் இயந்திரம் செய்து, அதே அளவு வளைவோடு தண்டுகளை லட்சக்கணக்கான சுற்று சுழலவிட்டு, எந்தச் சுமையில் எத்தனையாவது சுற்றில் முறிகிறது என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவந்தார். 1870 வரை தொடர்ந்த அந்த வேலையிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைத்தன. ஒன்று, சுமை சிறிதளவு கூடினாலும் ஆயுள் பெருமளவு குறைகிறது. மற்றொன்று, எஃகில் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சுமையை வைத்தால் எத்தனை சுற்றுக்கும் முறிவதில்லை. இதைத் தாங்கு வரம்பு என்று சொல்லலாம். நல்ல எஃகுத் தண்டின் ஆயுள் முழுக்க இந்த வரம்பைப் பொறுத்தது. துரு பிடித்தாலோ, ஆழமாகக் கீறல் விழுந்தாலோ இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

1903-இல் யூயிங், ஹம்ஃப்ரி என்ற இருவர் மெருகேற்றிய இரும்பை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். சுமை மாறி மாறி விழும்போது படிகங்களுக்குள் மெல்லிய கோடுகள் தோன்றி, அகன்று, கடைசியில் விரிசலாக மாறுவதைக் கண்டார்கள். விரிசல் எப்படிப் பிறக்கிறது என்பது வெறும் ஊகமாக இருந்த காலம் அதோடு முடிந்தது.

நம் லாரிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். லாரி டயரின் சுற்றளவு மூன்று மீட்டருக்குச் சற்று மேல். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் சுமார் 300 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஆக்ஸில் ஒரு முறை வளைந்து நிமிர்ந்தால், 10,000 கிலோமீட்டரில் 30 லட்சம் முறை. வோலரின் இயந்திரம் செய்த அதே சோதனையை நம் வண்டி நெடுஞ்சாலையில் செய்துகொண்டிருக்கிறது.

விசை நெருக்கும் இடம்

அப்படியானால் விரிசல் ஏன் எப்போதும் ஒரே இடத்தில் பிறக்கிறது? தண்டுக்குள் விசை பாய்வதை வாய்க்கால் தண்ணீராக நினைத்துக்கொள்ளுங்கள். கரை சீராக இருந்தால் தண்ணீரும் சீராகப் போகும். நடுவில் ஒரு கல் கிடந்தால், அதன் இரு பக்கமும் தண்ணீர் நெருக்கியடித்து வேகமெடுக்கும். கரை அரிப்பதும் அங்கேதான். தண்டில் கீறல், துருக்குழி, ஸ்பிளைன் பல்லின் அடிப்பகுதி, கூராகக் கடைந்த மூலை, வெல்டிங் பொட்டு ஆகியவை வாய்க்காலில் கிடக்கும் கற்கள். மற்ற இடத்தில் விசை வரம்புக்குள் இருக்கும்போதே அங்கு மட்டும் இரண்டு மூன்று மடங்காகிவிடும். இதைத் தகைவுச் செறிவு என்பார்கள்.

முறிந்த ஆக்ஸிலை வெல்டிங் வைத்து ஓட்டுவது ஏன் நீடிப்பதில்லை என்பதும் இதிலிருந்து புரியும். ஆக்ஸிலின் மேல்தோலைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினப்படுத்தியிருப்பார்கள். அந்தத் தோல் உள்ளுக்குள் இறுக்கிப் பிடித்த நிலையிலேயே இருக்கும். விரிசல் திறக்க வேண்டுமானால் அந்த இறுக்கத்தைத் தாண்டியாக வேண்டும். வெல்டிங் சூடு அந்தத் தோலின் குணத்தை அழித்துவிடுகிறது. ஓரத்தில் புதிய மூலைகளையும் உண்டாக்குகிறது.

முறிமுகத்தைப் படிப்பது

உடைந்த துண்டைக் குப்பையில் போடுமுன் அதன் முறிமுகத்தை, அதாவது முறிந்த வெட்டுமுகத்தை, வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கிரீஸை டீசலில் மெதுவாகக் கழுவலாம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவும் கூடாது. படிக்க வேண்டிய எழுத்து அழிந்துவிடும்.

சோர்வால் முறிந்ததாக இருந்தால் முகத்தில் இரண்டு பகுதி தெரியும். ஒன்று வழவழப்பாக, கருத்தோ துருவேறியோ இருக்கும். அதில், குளம் வற்றும்போது கரையில் விழும் வரிகளைப் போன்ற வளைகோடுகள் தெரியும். கரை வரிகள் என்று சொல்வோம். விரிசல் ஒவ்வொரு கட்டமாக முன்னேறி, நின்று, மறுபடி முன்னேறியதன் தடம் அது. வரிகளின் வளைவு எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டிருக்கிறதோ, விரிசல் பிறந்தது அங்கே. மற்றொரு பகுதி மணிமணியாக, புதிதாக மின்னும். அது கடைசி நொடியில் ஒரேயடியாக விட்டுக்கொடுத்த இடம்.

காலி வண்டியில் முறிந்த புதிருக்கு விடை இங்கே கிடைக்கிறது. வழவழப்பான பகுதி முகத்தில் முக்கால் பங்கும் மணிமணியான பகுதி கால் பங்கும் இருந்தால், தண்டு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டே வந்து, கடைசியில் கால் பங்கு இரும்பில்தான் ஓடியிருக்கிறது. கடைசியாக வந்த சுமை சிறியது. ஒரு கியர் மாற்றம், ஒரு சின்னப் பள்ளம் போதுமானதாகியிருக்கிறது. மலை ஏற்றத்தில் விரிசல் வளர்ந்தது. சமதரையில் அது முடிந்தது. மாறாக, முகம் முழுக்க ஒரே மாதிரி புதிதாக இருந்தால் சோர்வு அல்ல, ஒரேயடியான மிகைச் சுமை என்று பொருள். அப்போது ஓட்டும் முறையையும் லோடையும் விசாரிக்க வேண்டும்.

எந்த வகை விசை உடைத்தது என்பதையும் முகமே சொல்லும். ஒரு சாக்பீஸை இரு கையால் முறுக்கி உடைத்தால் சாய்வாகத் திருகிக்கொண்டு உடையும். வளைத்து உடைத்தால் நேர்க்குறுக்காக உடையும். கடினமாக்கிய எஃகுத் தண்டும் முறுக்கில் இப்படிச் சாய்ந்து திருகி முறிவதுண்டு. இளக்கமான எஃகு முறுக்கில் நேர்க்குறுக்காகவே அறுந்து, முகத்தில் சுழல் தடம் காட்டும். வெளிவிளிம்பில் பிறந்து குறுக்காக உள்ளே போன கரை வரிகள் இருந்தால், தண்டு வளைந்து வளைந்து சோர்ந்திருக்கிறது. விரிசல் ஒரே புள்ளியில் பிறந்திருந்தால் அங்கே ஒரு கீறலோ துருக்குழியோ இருந்ததா என்று பார்க்கலாம். விளிம்பைச் சுற்றிப் பல புள்ளிகளில் பிறந்திருந்தால், தண்டு சுழலும்போது எல்லாப் பக்கமும் வளைக்கப்பட்டிருக்கிறது.

வளையக் கூடாத தண்டு வளைந்தது எப்படி?

இங்கேதான் நம் ஆக்ஸில் கதை திரும்புகிறது. கனரக லாரியின் பின் ஆக்ஸில் வண்டியின் பாரத்தைச் சுமப்பதே இல்லை. பாரத்தைச் சுமப்பது வெளியே குழாய்போல் இருக்கும் ஹவுசிங். அதன் நுனியில் இரண்டு பேரிங்குகள் மேல் ஹப்பும் சக்கரமும் உட்கார்ந்திருக்கின்றன. ஆக்ஸில் தண்டு குழாய்க்குள் சுதந்திரமாகக் கிடந்து, முறுக்கை மட்டும் கொண்டுபோகிறது. வண்டி தன் சக்கரங்களில் நின்றபடியே ஹப்பின் வெளிமுகத்து நட்டுகளைக் கழற்றி ஆக்ஸிலை உருவி எடுத்துவிட முடிகிறது, சக்கரம் விழுவதில்லை. இதைப் பார்க்காத மெக்கானிக் யாரும் இல்லை.

அப்படியானால் முறிமுகத்தில் வளைவின் அடையாளம் எப்படி வந்தது? யாரோ அந்தத் தண்டை வளைத்திருக்க வேண்டும். முதல் சந்தேகம் ஹவுசிங் மேல். மிகைப் பாரத்தில் ஹவுசிங்கின் நடுப்பகுதி தாழ்ந்து நுனிகள் மேலேறினால், ஹப்பின் மையக்கோடும் உள்ளே இருக்கும் பல்சக்கரத்தின் மையக்கோடும் ஒரே நேரில் இருக்காது. இரண்டுக்கும் நடுவே மாட்டிய தண்டு ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து கொடுத்தே ஆக வேண்டும். கிலோமீட்டருக்கு 300 முறை. எத்தனை ஒரிஜினல் ஆக்ஸில் போட்டாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், அதே பக்கம் முறிவதற்குக் காரணம் இதுதான். வீல் பேரிங் தளர்ந்து ஹப் ஆடினாலும், ஆக்ஸிலை ஹப்போடு இணைக்கும் ஃபிளாஞ்ச் போல்ட்டுகள் இளகினாலும் விளைவு இதே.

சோதிக்கும் வழி எளிது. பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி நிறுத்தி, ஸ்டாண்டு வைத்து, ஆக்ஸிலை உருவித் திரும்பச் செருகுங்கள். போல்ட் முடுக்காமல் விட்டால் ஃபிளாஞ்சுக்கும் ஹப்புக்கும் நடுவே ஒரு பக்கம் இடைவெளி தெரிகிறதா? ஹப்பை அரைச் சுற்றுச் சுற்றுங்கள். இடைவெளி மேலே இருந்தது மேலேயே இருந்தால் ஹவுசிங் வளைந்திருக்கிறது. இடைவெளியும் சேர்ந்து சுற்றி வந்தால் தண்டோ ஃபிளாஞ்சோ கோணல். பெரிய வளைவு இதிலேயே பிடிபடும். சின்ன வளைவுக்கு டயல் கேஜ் வேண்டும். பின் டயர்கள் உட்பக்கமாக மட்டும் தேய்வதும், ஒரு பக்கத்து ஆயில் சீல் அடிக்கடி போவதும் இதே கோளாறின் பிற அடையாளங்கள்.

நான்கு டயர் கொண்ட ஒற்றைப் பின் அச்சுக்கான சட்ட எல்லையை மத்திய அரசு 2018-இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. சட்டம் அனுமதிப்பதும், நம் வண்டியின் ஹவுசிங் தாங்குவதும் இருவேறு கேள்விகள். பழைய வண்டி எந்த எடைக்கு வடிவமைக்கப்பட்டது என்பதைத் தயாரிப்பாளரின் தகட்டில் பார்த்துத்தான் லோடு வைக்க வேண்டும். சோர்வில் 10 சதம் கூடுதல் சுமை ஆயுளை 10 சதம் குறைப்பதோடு நிற்காது, பாதியாகவே குறைத்துவிடலாம்.

கிராஸ் ஏன் நிற்பதில்லை?

ஜாயிண்ட் கிராஸின் கதை வேறு. பின் அச்சு ஸ்பிரிங் பட்டைகளோடு ஏறி இறங்குவதால் ஜாயிண்ட் எப்போதும் ஒரு கோணத்தில் சுழல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் கிராஸ். 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த இந்த இணைப்பில் ஒரு விசித்திரம் உண்டு. இந்தப் பக்கம் சீரான வேகத்தில் சுற்றினாலும் அந்தப் பக்கம் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். கோணம் 10 டிகிரி என்றால் ஏற்ற இறக்கம் சுமார் ஒன்றரை சதம். கோணம் இரட்டிப்பானால் ஏற்ற இறக்கம் நான்கு மடங்காகும்.

ஒன்றரை சதம் சிறிதாகத் தோன்றலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில், கிரவுன் பினியன் 6-க்கு 1 என்றால், ஜாயிண்ட் நிமிடத்துக்கு 1,800 சுற்று. அதாவது நொடிக்கு 60 முறை அந்தக் கனத்த இரும்பு முடுக்கப்பட்டு இழுத்துப் பிடிக்கப்படுகிறது. அந்த அதிர்வு கிராஸையும் சென்டர் பேரிங் ரப்பரையும் கியர் பாக்ஸின் பின் பேரிங்கையும் பினியனையும் ஒருசேர அடிக்கும்.

இதை அடக்க ஓர் அழகான வழி உண்டு. ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸ் வைத்து, இரண்டின் கோணத்தையும் சமமாக்கினால், ஒன்று தரும் ஏற்ற இறக்கத்தை மற்றொன்று நேர் எதிராகத் தின்றுவிடும். ஒரு நிபந்தனை: ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் யோக்குகளின் கண்களும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஸ்லிப் ஜாயிண்டைக் கழற்றி மாட்டும்போது ஸ்பிளைன் சில பல் தள்ளிப்போனால் இந்த ஒழுங்கு கெடும். கால் சுற்றே தள்ளிப்போனால் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று அழிப்பதற்குப் பதில் ஒன்றோடொன்று கூடிவிடும். ஷாஃப்டில் அம்புக்குறி வைத்திருப்பது இதற்காகத்தான். குறி அழிந்திருந்தால், கழற்றுமுன் பெயின்டால் இரண்டு பொட்டு வையுங்கள்.

கோணம் கெடுவதற்கு நாமே செய்யும் காரணங்களும் உண்டு. கூடுதல் லோடுக்காகப் பட்டை சேர்த்தால் வண்டியின் உயரம் மாறி, கோணமும் மாறுகிறது. அச்சைப் பட்டையோடு பிணைக்கும் யு போல்ட் இளகினால், வண்டி கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஹவுசிங் திருகிக்கொண்டு பினியன் மூக்கு மேலே எழும். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் அமுங்கினால் முன்கோணம் மாறும். சேசிஸை நீட்டியபோது ஷாஃப்டை வெட்டி வெல்டிங் வைத்து, பேலன்ஸ் பார்க்காமல் மாட்டினால் அதுவும் சேர்ந்துகொள்ளும். கியர் பாக்ஸ் வெளியீட்டு ஃபிளாஞ்சிலும் பினியன் ஃபிளாஞ்சிலும் செல்போனின் லெவல் செயலியை வைத்துக் கோணம் அளக்கலாம். இரண்டு முனையிலும் கிராஸின் கோணம் ஒரு டிகிரிக்குள் சமமாக இருக்க வேண்டும்.

கழற்றிய கிராஸும் பேசும். நான்கு கால்களில் ஊசி பேரிங் உட்காரும் இடத்தைத் துடைத்துப் பாருங்கள். வரிவரியாகக் குழி விழுந்திருந்தால் மிகை முறுக்கு. செம்பழுப்புத் தூள் இருந்தால் கிரீஸ் போய்ச் சேரவில்லை. ஒரு கால் மட்டும் நீலமாகக் கருகியிருந்தால் அந்தக் காலின் கிரீஸ் வழி அடைத்திருக்கிறது. கிரீஸ் அடிக்கும்போது நான்கு மூடியிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்தது போதும் என்று விட்டால், அடுத்து உடைவது நான்காவது.

மாற்றுவதும் பழுது நீக்குவதும்

ஒரே பாகம் இரண்டாவது முறை உடைந்தால், அந்தப் பாகத்தைப் பற்றிய கேள்வி முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இனிக் கேட்க வேண்டியது, அதோடு இணைந்திருப்பவற்றைப் பற்றி: அதற்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது, எது அதை வளைக்கிறது, எது அதை அதிர வைக்கிறது. ஆக்ஸிலுக்கு ஹவுசிங்கையும் வீல் பேரிங்கையும், கிராஸுக்குக் கோணத்தையும் யோக்கையும் யு போல்ட்டையும், சென்டர் பேரிங்குக்கு ஷாஃப்ட் பேலன்ஸையும் பாருங்கள். அளந்து பார்த்து, கோணலை நேராக்கிய பிறகு புதிய சாமானைப் போட்டால்தான் அது பழுது நீக்கம்.

முறியாத பக்கத்து ஆக்ஸிலையும் நம்பிவிட வேண்டாம். அதுவும் அதே கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பழைய ரயில்வே பட்டறைகளில் கைக்கொண்ட எளிய சோதனை ஒன்று உண்டு. தண்டைச் சுத்தமாகத் துடைத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மேலே உலரத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் ஈரக்கோடாகத் தெரியும். இதையே இன்று சிவப்புச் சாயம் கொண்டும், காந்தமேற்றி இரும்புத் தூள் தூவியும் இன்னும் துல்லியமாகச் செய்கிறார்கள். ஸ்பிளைன் தொடங்கும் இடத்தையும் ஃபிளாஞ்ச் வளையும் இடத்தையும் முதலில் பாருங்கள்.

லாரி உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உடைந்த துண்டை உடனே பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கொஞ்சம் எண்ணெய் தடவி, தாளில் சுற்றி, எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டரில், எந்த லோடில் முறிந்தது என்று அதிலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறை முறிந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விரிசல் இரண்டிலும் ஒரே மாதிரி பிறந்திருந்தால் குற்றவாளி வண்டியில்தான் இருக்கிறது. பாலிடெக்னிக் மாணவர்கள் பாடப் புத்தகத்தில் படிக்கும் உலோகச் சோர்வை நேரில் பார்க்க வெளியூர் போக வேண்டியதில்லை. திண்டுக்கல்–கரூர் சாலையில் எந்த லாரிப் பட்டறையிலும் கேட்டால் கிடைக்கும். நடுவழியில் நின்ற வண்டியால் போன வாடகையும், அழுகிய காய்கறியும், மலைச் சாலையில் முறிந்திருந்தால் போயிருக்கக்கூடிய உயிரும் இந்தச் சிறு சிரமத்தைவிடப் பல மடங்கு பெரியவை.